சத்தம் வராத ஷாஃப்ட்

அவர் பேசும்போது ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார். காரின் முன்சக்கரத்தைப் பார்த்துத்தான் பேசுவார். "சாப்டீங்களா டீச்சரம்மா" என்பதைக்கூட டயரிடம்தான் கேட்பார். முதல் இரண்டு மூன்று தடவை எனக்கு எரிச்சலாக இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்கிற பெண்ணை நான் வகுப்பில் நிற்க வைத்துவிடுவேன். இந்த மனிதரை எப்படி நிற்க வைப்பது? தன் மெக்கானிக் ஷெட்டில் இருந்த ஒரே முக்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. சாந்தோம் பக்கம் அவரை அறிந்தவர்கள் இன்னும் ஓரிருவர் இருக்கலாம். இதைப் படித்துவிட்டு, "அட, அவரா பொய் சொன்னார்!" என்று மூக்கில் விரலை வைப்பார்கள். பொய் சொன்னார்தான். ஆனால் அந்தப் பொய்யைப் பற்றித் தீர்ப்பு சொல்ல என்னைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

என் அப்பா கொழும்பில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று வந்தபோது பெட்டி படுக்கையோடு ஒரு சின்ன இங்கிலீஷ் காரையும் கொண்டுவந்து மயிலாப்பூர் வீட்டு வாசலில் நிறுத்தினார். அன்றைக்கு ஊரில் ஓடிய கார்களில் ஒன்றிரண்டைத் தவிர மற்றதையெல்லாம் பின்சக்கரங்கள் தள்ளும். இதை முன்சக்கரங்கள் இழுக்கும். வண்டியைத் திருப்புகிற வேலையும் அதே சக்கரங்களுக்குத்தான். இரண்டு வேலை பார்க்கிற சக்கரம் என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை. எனக்கு அதில்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் போனதும் அம்மா அண்ணனோடு டில்லிக்குப் போய்விட்டாள். நான், வீடு, கார் என்று மூன்று பேர் மிஞ்சினோம். அண்ணன் மாதம் தவறாமல் எழுதுவான், 'அந்த டப்பாவை விற்றுத் தொலை' என்று. டப்பா என்று எழுதியதற்காகவே நான் விற்கவில்லை.

எழுபதுகள் பிறந்த சமயம், வண்டியில் ஒரு சத்தம் வந்தது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. லஸ் முனையில் ஸ்டியரிங்கை ஒடித்தால் 'டக் டக் டக்' என்று யாரோ கதவைத் தட்டுவது போலக் கேட்கும். ஒரு பெண் கார் ஓட்டுவதே அப்போது வேடிக்கை. அந்தக் கார் தட்டிக்கொண்டே வேறு வந்தால் கேட்க வேண்டுமா, வெற்றிலைக் கடைக்காரர் முதல் தேங்காய் விற்கிறவர் வரை திரும்பிப் பார்ப்பார்கள்.

தி.நகரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். என்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாஃப்ட்டின் முனையில் ஒரு குண்டு ஜாயிண்ட் உண்டாம், சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவும் வளைந்துகொடுத்துச் சுற்றுமாம், அது தேய்ந்துவிட்டதாம்.

"தூக்கிப் போட்ரலாம்மா. புதுப்பேட்டைல பழைய லாரி இரும்புல கடைஞ்சு குடுப்பான். அசல் மாரியே இருக்கும்" என்றார்.

"அசலையே சரி பண்ண முடியாதா?"

"அதுக்குன்னு ஒரு கிறுக்கன் கீறான். மந்தவெளி தாண்டி, பட்டினப்பாக்கம் போற வழில. ஆனா அவன்கிட்ட வுட்டா வண்டி உங்களுது இல்ல, அவனுது."

அப்பா கையால் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி. அதில் லாரி இரும்பைச் சொருக எனக்கு மனம் வரவில்லை. கிறுக்கரைத் தேடிக்கொண்டு போனேன்.

ஓலைக்கூரை போட்ட ஷெட். பக்கத்தில் மீன் கூடைகளை வைத்து மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஜெபமாலை, காக்கி அரைக்கால் சட்டை, ஒல்லியான கால்கள். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிரே இருந்த மணல் திடலைக் காட்டினார்.

"ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சி வச்சிகினு வட்டம் போடுங்க. நிறுத்தச் சொல்ற வரிக்கும் நிறுத்தாதீங்க."

நான் வட்டம் போட்டேன். அவர் வட்டத்துக்குள் நின்று, சக்கரத்தின் பக்கம் காதைச் சாய்த்தபடி, வண்டியோடு தானும் சுற்றினார். பத்து சுற்று, பதினைந்து சுற்று. எனக்குத் தலை கிறுகிறுத்தது. மீன்காரப் பெண்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு எழுந்து நின்று சிரித்தார்கள். ஒருத்தி கத்தினாள்: "யக்கா, வுடாத! அவரு வுழறாரா நீ வுழறியா பாக்கலாம்!" பிறகு எதிர்ப் பக்கமாகவும் சுற்றச் சொன்னார். கடைசியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எடது பக்கந்தான். சோத்துக்கை பக்கம் இன்னும் சத்தம் வரல, ஆனா அதுவும் யோசன பண்ணிகினு கீது. வுட்டுட்டுப் போங்க."

"எப்போ கிடைக்கும்?"

"சனிக்கெழம."

எந்தச் சனிக்கிழமை என்று நான் கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது சனிக்கிழமைதான் கிடைத்தது.

அந்த மூன்று வாரத்தில் வண்டி என்ன ஆயிற்று என்று பார்க்க நாலு முறை போயிருப்பேன். ஒருநாள் ஜாயிண்ட்டைப் பிரித்து வைத்திருந்தார். உள்ளே ஆறு இரும்புக் குண்டுகள், அவை ஓடுவதற்கு ஆறு பள்ளங்கள். குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி ஒரு குழிப்பணியாரச் சட்டியில் வரிசையாகப் போட்டிருந்தார். சுற்றியுள்ள ஆறு குழியில் ஆறு குண்டு, நடுக்குழியில் ஒரு வளையம். சட்டியின் ஒரு குழிப் பக்கம் சிவப்புப் பெயிண்ட்டால் ஒரு பொட்டு வைத்திருந்தார், எது முதல் என்று தெரிவதற்கு.

"இது என்ன, பலகாரச் சட்டியில்?" என்றேன்.

"எந்தக் குண்டு எந்தப் பள்ளத்துல ஓடிச்சோ அதுலதான் திரும்பப் போவணும். ஒண்ணுக்கொண்ணு பழகிப்போச்சி. மாத்திப் போட்டா சண்ட போடும்." இதைச் சொல்லிவிட்டு டயரைப் பார்த்துச் சிரித்தார். "சட்டி வூட்டுக்காரம்மாது. கோலாருக்குப் போவறப்போ வுட்டுட்டுப் போயிட்டா."

மனைவி கோலாரில் மகள் வீட்டில் இருந்தாள். பிரசவத்துக்கு உதவப் போனவள், அடுத்த பிரசவத்துக்கும் இருந்துவிட்டு, அப்படியே தங்கிவிட்டாள். இவரையும் கூப்பிட்டார்கள். ஒரு தடவை போய்விட்டு நாலாம் நாள் திரும்பிவிட்டார். "அங்க எல்லாரும் சைக்கிள்ல போறாங்க டீச்சரம்மா. நான் இன்னா பண்றது அங்க?" என்றார்.

அவர் செய்த வேலை இதுதான். இடது பக்க ஜாயிண்ட்டை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாற்றினார். அந்தப் பள்ளங்கள் ஒரு சுவரில் மட்டுமே தேய்ந்திருந்தன, ஏனென்றால் வண்டி எப்போதும் முன்னால்தானே போகிறது. பக்கம் மாற்றினால் தேயாத சுவர் சுமையை வாங்கிக்கொள்ளும். பார்க்கப்போனால் எளிய கணக்கு. கணக்கு டீச்சரான எனக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. தேய்ந்த பக்கத்தை எமரி பேஸ்ட் தடவி நாள் கணக்கில் கையாலேயே தேய்த்து வழுவழுப்பாக்கினார். கிழிந்திருந்த ரப்பர் உறைக்குப் பதிலாக லாரி ட்யூபை வெட்டி ஒட்டிப் புது உறை செய்தார். கிரீஸை விரலால் நசுக்கி, காதருகே கொண்டுபோய், மணல் நறநறக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைத்து அடைத்தார்.

வண்டியை எடுத்தேன். லஸ் முனையில் திரும்பினேன். சத்தமே இல்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கிளம்பும்போது அவர் சொல்லியிருந்தார்: "நூறு மைல் ஓட்டிட்டு ஒரு தபா காமிச்சிடுங்க. பழசத் தட்டி எழுப்பியிருக்கு. எப்டி கீதுன்னு பாக்கணும்."

நூறு மைலில் போனேன். உறையைக் கழற்றினார், பார்த்தார், கிரீஸ் வைத்தார், மூடினார். "இன்னொரு நூறு ஓட்டிட்டு வாங்க" என்றார். அதற்கு அடுத்த நூறிலும் அதேதான். மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை என்று பழக்கமாகிவிட்டது. போனவுடன் முக்காலியைத் துணியால் துடைத்துப் போடுவார். மீன்காரம்மாளிடம் சொல்லி டீ வரவழைப்பார். ஒரு மணி நேரம் டயரோடு பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆழ்வார்பேட்டை வக்கீல் கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறார். அடையாறு கண் டாக்டருக்கு ஊரெல்லாம் கண் பார்க்கத் தெரியும், தன் வண்டி எண்ணெய் ஒழுக்குவது தெரியாது. இப்படித்தான் பேச்சு. எல்லாம் வண்டியைப் பற்றி, வண்டிக்காரர்களைப் பற்றி. என்னிடம் நீ யார், ஏன் தனியாக இருக்கிறாய், கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மயிலாப்பூரில் அப்படிக் கேட்காத மனிதரே கிடையாது.

எனக்கு அங்கே போவது பிடித்திருந்தது. அப்போது இதை யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு நானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. கிரீஸ் பார்க்கப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைல் கணக்கு நூறுக்குக் குறைவாக இருந்தால், தேவையே இல்லாமல் அடையாறு பாலம் வரை போய்விட்டு வருவேன்.

இதே மாதிரி முன்சக்கரம் இழுக்கிற கார் வைத்திருந்த மற்றவர்களும் இப்படித்தான் போனார்கள். ஒருநாள் வக்கீலும் நானும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தபோது இவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. முக்காலி ஒன்றுதான். வக்கீலுக்கு ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, மேலே செய்தித்தாளை விரித்தார். மீன்காரம்மாளிடம், "இன்னிக்கி மூணு டீ" என்று சத்தமாகச் சொன்னார். இன்னொரு ஆள் இருந்திருந்தால் நாலு என்று இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பார்.

வக்கீல் அவசரக்காரர். ஒருமுறை இவருக்குத் தெரியாமல் புதுப்பேட்டையில் கடைந்த ஷாஃப்ட்டை வாங்கி மாட்டிவிட்டார். ஒரு மாதம்தான். மவுண்ட் ரோட்டில், கோர்ட்டுக்குப் போகிற நேரத்தில், ஷாஃப்ட் இரண்டாகி வண்டி நடுத்தெருவில் நின்றுவிட்டது. இவர்தான் கயிற்றோடு போய் இழுத்துவந்தார். அந்தச் சனிக்கிழமை என்னிடம் இந்தக் கதையை மூன்று தடவை சொன்னார். உடைந்த துண்டில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டினார். அரம் உள்ளே இறங்கித் துகள் கொட்டியது.

"பாத்தீங்களா? அரம் கடிச்சா இரும்பு மெதுவு. நல்ல இரும்புல அரம் வழுக்கிகினு போவும், கடிக்காது. இது மெழுகு. மெழுகுவத்தில வண்டி ஓட்டலாமா?"

எனக்கும் பெருமையாக இருந்தது. என் வண்டியில் அசல் இருக்கிறதே!

இரண்டு மூன்று வருடம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கத்தில் ஒரு மாணவியின் வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். ஷெட் மூடியிருக்கும் நாள். ஆனால் திறந்திருந்தது. பூசைக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு, எண்ணெய் படாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த முக்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு வண்டியும் இல்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை நிமிரும். நடந்து வருகிறவர்களை அவர் கவனிக்கவில்லை, என்னையும் சேர்த்து. கூப்பிடலாமா என்று நினைத்தேன். வண்டி இல்லாமல் என்னவென்று கூப்பிடுவது? பேசாமல் போய்விட்டேன்.

அதற்குக் கொஞ்ச நாளில் சிங்கப்பூர் ஷாஃப்ட் வந்தது. கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் கொண்டுவருகிற சரக்கு. கம்பெனிப் பெயர் இல்லாத மஞ்சள் அட்டைப்பெட்டியில், எண்ணெய்த் தாளில் சுற்றி, தி.நகரில் ஒரு உதிரிபாகக் கடையில் விற்றார்கள். வக்கீல்தான் முதலில் வாங்கினார். பட்டும் புத்தி வரவில்லை என்று இவர் சிரித்தார்.

"மூணு மாசம் டைம் குடுங்க. கயிறு எட்து ரெடியா வச்சிக்கீறேன்."

மூன்று மாதம் ஆயிற்று. ஆறு மாதம் ஆயிற்று. வக்கீல் வரவில்லை. பிறகு கண் டாக்டரும் சிங்கப்பூருக்கு மாறினார். நான் போகிற சனிக்கிழமையெல்லாம் இவர் என்னிடம், அதாவது டயரிடம், அந்த ஷாஃப்ட்டைத் திட்டுவார். "அரம் போட்டுப் பாத்தேன் டீச்சரம்மா. கடிக்குது. அதுவும் மெழுகுதான், கொஞ்சம் பாலீஷ் பண்ண மெழுகு. உங்க அப்பா ஷாஃப்ட்ட நம்புங்க. அது உங்கள வுடாது." நான் நம்பினேன். டீயின் எண்ணிக்கை இரண்டிலேயே நின்றுவிட்டதைக் கவனித்தேன். ஆனால் அது ஏன் என்று கணக்குக் கூட்டிப் பார்க்கவில்லை.

சிங்கப்பூர் சரக்கு வந்து இரண்டு வருடம் கழித்து எனக்கு ஆதம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை வேலை கிடைத்தது. தினமும் மயிலாப்பூரிலிருந்து சைதாப்பேட்டை வழியாகப் போய்வர வேண்டும். அதே சமயம் பழைய சத்தம் திரும்பி வந்தது. பக்கம் மாற்றிப் போட்டு இரண்டு சுவரும் தேய்ந்தாகிவிட்டது. அவர் பிரித்தார், தேய்த்தார், பூட்டினார். இரண்டு வாரத்தில் மறுபடி சத்தம். மறுபடி பிரித்தார். அதன்பிறகு ஒரு திங்கள்கிழமை காலை, சைதாப்பேட்டைப் பாலத்தின் நடுவில் வண்டி துள்ளித் துள்ளி நின்றது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். சைக்கிள்காரர்கள் அறிவுரை சொல்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த தலைமையாசிரியையான நான் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்த பிறகு, கையில் கிரீஸோடு, எல்லா வகுப்பும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க உள்ளே நுழைந்தேன். அன்று மாலை தி.நகர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மஞ்சள் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது தாங்குமா? அரம் கடிக்கிறதாச் சொல்றாங்களே" என்றேன்.

"யாரு சொன்னது?"

சொன்னேன். அவர் கையை மேஜையில் ஊன்றி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவுகளா? அவுகளே ரெண்டு வருசத்துக்கு முந்தி இங்கன வந்து ஒண்ணை வாங்கிப் பார்த்துட்டுத்தானம்மா போனாவ. இந்தா, இதே இடத்துல நின்னுதான் அரத்தைப் போட்டாவ. அரம் வழுக்கிட்டுப் போச்சு. நாலு தடவ போட்டுப் பார்த்தாவ. 'நல்ல இரும்புதான் ஐயா'ன்னாவ. அப்புறம் இந்த ஸ்டூல்ல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாவ. மேலுக்கு முடியலையோன்னு நான் சோடா வாங்கிக் குடுத்தேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இந்த ஊரில் எனக்குப் பொய் சொல்லாத ஒரே ஆள் என்று அவரைத்தான் நினைத்திருந்தேன். இரண்டு வருடம்! அந்தப் பாலத்தில் நான் பட்ட அவமானம் அவர் தெரிந்தே செய்தது. ஒரு ஜோடி வாங்கி, மறுநாளே ஷெட்டுக்கு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனேன். சண்டை போடத்தான் போனேன். போகிற வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன்.

மஞ்சள் பெட்டிகளைப் பார்த்ததும் அவர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டார். தயார் செய்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "இதை மாட்டிடுங்க" என்றேன், அவ்வளவுதான்.

"சரிங்க டீச்சரம்மா."

அன்று மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டார். மூன்று வாரம் எடுத்துக்கொள்கிற மனிதர் மூன்று மணி நேரத்தில் முடித்தார். அரைகுறையாகச் செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு நட்டையும் இரண்டு முறை இறுக்கினார், கிரீஸைக் காதருகே வைத்துக் கேட்டார், எல்லாம் வழக்கம் போல. அப்பாவின் ஷாஃப்ட்டுகளைத் துடைத்து, சாக்கில் சுற்றி, டிக்கியில் வைத்தார். டீ வரவழைக்கவில்லை. நான் வண்டியைக் கிளப்பிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தேன், நூறு மைல் ஓட்டிவிட்டு வரச் சொல்வார் என்று. அவர் சொல்லவில்லை. புதுசுக்கு அது வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் போகவில்லை. வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. லஸ் முனையில், சைதாப்பேட்டையில், எங்கே ஒடித்தாலும் ஒரு முனகல் கிடையாது. சனிக்கிழமை காலைகளில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. காய்கறி வாங்கினேன், திரைச்சீலை தைத்தேன். கோபம் மூன்றாம் மாதமே போய்விட்டிருந்தது. கோபம் போன இடத்தில் என்ன வந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் ஏறி, மந்தைவெளியில் இறங்கி நடந்தேன். காரை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் அவர் டயரைப் பார்த்தே பேசுவார், நானும் கேட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று தோன்றியது.

ஷெட்டில் ஒரு வண்டியும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார்.

"வண்டி எங்க? நின்னுட்ச்சா?"

"இல்ல. நல்லா ஓடுது. வீட்டுல இருக்கு."

"பின்ன இன்னா?"

"ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

"சும்மாவா?"

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முக்காலியைத் துடைத்தார். போட்டார். இன்னொரு முறை துடைத்தார். நான் உட்கார்ந்தேன். அவர் பார்த்துப் பேச அங்கே ஒரு சக்கரம்கூட இல்லை. கூரையைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். கடைசியில், வேறு வழியில்லாமல், என் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் கண்களை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன். கொஞ்சம் பூத்துப்போன கண்கள். கண் டாக்டர் வந்துபோன இடத்தில் இருந்துகொண்டு இதைக் காட்டியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

"டீச்சரம்மா, அந்த சிங்கப்பூர் ஷாஃப்ட்டு நல்ல ஷாஃப்ட்டு. அரம் கடிக்கல. நான் உங்களான்ட பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்போ?"

"வாங்கினப்பவே. கடைக்காரர் சொன்னார்."

அவர் அந்த எண்ணெய் டின்னின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"புதுச மாட்னா யாரும் வர்றதில்ல. வக்கீல் சாரு வர்ல. டாக்டரு வர்ல. நல்ல சாமானுக்கு ஒரு ஆளு எதுக்கு? நீங்களும் வர மாட்டீங்கன்னுதான் சொன்னேன். அந்தப் பாலத்துல நின்னீங்களே... அதுக்கு நான் மாதாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். உங்களான்ட கேக்கல."

"கேட்க வேண்டாம்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"தெரிஞ்சுதான் வந்தேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வெளியே மீன் கூடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ வந்தது, குடித்தோம். வண்டி இல்லாமல் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. நான் எழுந்து, "அடுத்த வாரமும் வரேன்" என்றேன். அவர் தலையாட்டினார்.

அடுத்த வாரம் நான் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம், இல்லை. ஒரு தலைமையாசிரியை, தனியாக இருக்கிறவள், காரும் இல்லாமல் ஒரு மெக்கானிக் ஷெட்டில் போய் உட்கார்ந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். பயந்துவிட்டேன், இதுதான் உண்மை. வண்டியில் ஏதாவது கோளாறு வரட்டும், அதைச் சாக்காக வைத்துப் போய்விடலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, காதைக் கொடுத்துக் கேட்டேன். குண்டும் குழியுமான தெருவாகப் பார்த்து ஓட்டினேன். அது அசையவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுப் போனபோது ஷெட்டில் ஒரு கயிற்றுக் கட்டிலும் ஐஸ் பெட்டிகளும் இருந்தன. "அவுரு பொண்ணூட்டுக்கே பூட்டாரு, கோலாருக்கு. நீ ஏன்க்கா வரவேல்ல? சனிக்கெழமன்னா ரெண்டு டீ சொல்லி வச்சிகினு குந்திகினு இருப்பாரு" என்றாள் மீன்காரம்மாள்.

அந்த ஷாஃப்ட்டுகள் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடின. நான் ஓய்வு பெற்று காரை விற்கும்வரை ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவை சத்தம் போடவில்லை. அவ்வளவு நல்ல இரும்பு. அந்த இரும்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.